ஒரு பக்கம் பாடி முடிவதற்குள்

நான் கோபக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மனிதன் என்று நினைத்து ஏமாந்தோம் என்று பிறகு ஒருவரும் வந்து புலம்பக்கூடாது. தொழிற்சாலையில் இரண்டு சுப்பர்வைசர்கள் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. கனடாவில், வோபர்னில் எங்கள் தெருவில், என் வாசலுக்குப் பனியைத் தள்ளிவிட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரனின் கொலரைப் பிடித்திருக்கிறேன். 401 நெடுஞ்சாலையில் சிக்னல் போடாமல் குறுக்கே வந்த ஒருவனை அடுத்த எக்ஸிட் வரைக்கும் துரத்திக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் மகள் மேல் இந்த இருபத்தாறு வருடத்தில் என் விரல் பட்டதில்லை. போகிற இடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான்.

பனி உருகத் தொடங்கிய ஒரு பின்னேரம். வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், வீட்டுக்குள் கைதட்டல் கேட்கிறது. அதன் மேல் ஒரு பெண்குரல். அவள் ஒரு வரி பாட, இன்னும் இரண்டு பெண்கள் அதையே திருப்பிப் பாடுகிறார்கள். எனக்கு உச்சியில் அடித்ததுபோல் இருந்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. நேரே ஹோலுக்குள் போய் ரெக்கோட் பிளேயரின் மூடியில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். ஊசி இசைத்தட்டைக் கிழித்துக்கொண்டு போன சத்தத்தில் எனக்கே பல் கூசியது.

"நிப்பாட்டு உந்தக் கண்டறியாத பாட்டை!"

"அப்பா! ஆர் யூ கிரேஸி?" மகள் பாய்ந்து வந்து தட்டைத் தூக்கினாள். "இது இண்டைக்குத்தான் வந்தது. பழைய சோல் ஆல்பம், ரீஇஷ்யூ. ஒறிஜினல் டேப்பிலையிருந்து திரும்பச் செய்திருக்கினம். எல்லாரும் தேடி வாங்கினம், நீங்கள் அடிச்சு உடைக்கிறீங்கள்!"

அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மூன்று கறுப்பினப் பெண்கள். மினுங்குகிற நீளச் சட்டை, உயர்த்திக் கட்டிய தலைமயிர். முப்பது வருடத்துக்கு முதல் சிரித்த அதே சிரிப்பு. நான் முழங்காலில் வைத்து மடித்துக் கிழித்த அதே அட்டை, இப்போது ஒரு மடிப்புக்கூட இல்லாமல், பளபளவென்று, கண்ணாடித்தாள் வாசனையோடு திரும்பி வந்திருந்தது.

"மாமிக்கு உது எண்டால் உயிர்," என்று வாய் உளறிவிட்டது.

"எந்த மாமி?"

"உன்ரை மாமிதான். என்ரை தங்கச்சி."

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். மகளுக்கு ஆவணியில் கலியாணம். எனக்கு இருப்பது ஒரே ஒரு தங்கச்சி. அவள் விட்பியில் இருக்கிறாள், வாகனம் நெருக்காத நேரத்தில் அரைமணி ஓட்டம். ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாக அவள் என் வாசலை மிதித்ததில்லை. செத்தவீடுகளில் காணும்போது மகளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவாள். எனக்கு, "சுகமா இருக்கிறீங்களோ அண்ணை," அவ்வளவுதான். சின்ன வயதில் "டேய் அண்ணா, வாடா" என்று தோளில் ஏறி மிதித்தவள். ஏன் வருவதில்லை என்று மகள் கேட்கும்போதெல்லாம், "ஊரிலை காணிப் பிரச்சினை" என்று சொல்லி வைத்திருந்தேன். எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னால் போதும், மேலே ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

கலியாணத்துக்கு வரச்சொல்லி இரண்டு பேரைத் தூது அனுப்பினேன். ஓம் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. சபையில் மாமி இல்லாவிட்டால் நாலு பேர் கதைப்பார்கள் என்பது உண்மை. ஆனால் அது மட்டும் இல்லை. எனக்கு அறுபது ஆகிறது. அவள் என் வீட்டு வாசலைக் காணாமலே நான் போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

நான் கீறிய தட்டை மகள் தனக்கு வைத்துக்கொண்டு, மாமிக்கென்று புதிதாக ஒன்று வாங்கினாள். "ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் குடுப்பம். காணியும் பூணியும். ஒரு ஹக் குடுத்தா எல்லாம் சரியாப்போயிடும்," என்றாள். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. எனக்குள் ஒரு கள்ள எண்ணம். மகள் சிரித்துக்கொண்டு நீட்டுவாள், தங்கச்சி வாங்கிக்கொள்வாள், நான் வாய் திறக்காமலே காரியம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

தங்கச்சியின் வீடு புதுக் குடியிருப்பு ஒன்றில் இருந்தது. மரங்கள் இன்னும் ஆள் உயரத்துக்கு வரவில்லை. அவளுடைய கணவர் வேலைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தவள் மகளைக் கண்டு சிரித்தாள், என்னைக் கண்டு சிரிப்பை எடுத்துவிட்டாள், மகளின் கையில் இருந்த அட்டையைக் கண்டதும் கதவுப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"சர்ப்ரைஸ், மாமி!"

"ஆர் பிள்ளை சொன்னது எனக்கு இது விருப்பம் எண்டு?"

"அப்பாதான்."

"உள்ளை வாங்கோ," என்றாள். தேத்தண்ணீர் வைக்கவில்லை. மூலையில் அவளிடமும் ஒரு பிளேயர் இருந்தது. பக்கத்தில் தட்டுகள் அடுக்காக நின்றன. அதற்குள் இந்த மூன்று பெண்களும் ஏற்கெனவே இருந்தார்கள், பழைய அட்டையில், ஓரம் தேய்ந்துபோய்.

மகள் கொண்டுவந்த தட்டை எடுத்து அவள் பிளேயரில் வைத்தாள். ஊசியை இறக்கினாள். சத்தத்தைக் குறைத்தாள். பிறகு எனக்கு எதிரே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறீங்களோ அண்ணை, எனக்கு இது விருப்பம் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"தட்டிலை இந்தப் பக்கம் பாடி முடியிறதுக்குள்ளை சொல்லி முடியுங்கோ. முடிஞ்சால் கலியாணத்தைப் பற்றிக் கதைப்பம். இல்லையெண்டால் எழும்பிப் போங்கோ."

மகள் சிரித்தாள். பகிடி என்று நினைத்துவிட்டாள். பிறகு எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினாள்.

நான் தொடங்கினேன். "முந்தி ஒருக்கால் மாமிக்குக் கை நீட்டிப் போட்டன்..."

"கை நீட்டினதோ?"

"அடிச்சனான்."

"எதாலை?"

"பெல்ட்டாலை."

"எந்தப் பக்கத்தாலை?"

"இரும்பு இருக்கிற பக்கத்தாலை."

முதல் பாட்டு முடிந்து அடுத்த பாட்டுத் தொடங்கியது. எனக்கு எழும்பி அந்தப் பிளேயரைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல் வந்தது. கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் அடிச்சனீங்கள் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. நான்தான் ஊரிலிருந்து ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவன், நான்தான் பொறுப்பு. டோனட் கடை ஒன்றில் வேலைக்குப் போய்வந்தாள். அவள் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கறுப்பினப் பெடியனிடம் பை வாங்கியதைக் கண்டதாக எங்கள் ஆள் ஒருவர் என் காதில் போட்டார். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினேன். ஐந்தோ ஆறோ இசைத்தட்டுகள். எங்கள் ஆட்கள் கறுப்பர்களுக்குச் சொல்லும் ஒரு சொல் உண்டு, அதைச் சொல்லிச் சொல்லிக் கத்தினேன். அந்தச் சொல்லை மகளுக்கு முன்னால் சொல்லவும் வைத்தாள் தங்கச்சி. இங்கே அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"அண்டைக்குக் கொஞ்சம் குடிச்சும் இருந்தனான்," என்றேன்.

"குடிச்சிருக்கேல்லை. பொய் சொல்லாதேங்கோ. இன்னும் மூண்டு பாட்டு இருக்கு."

உண்மைதான். ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. தெளிந்த மூளையோடு செய்த வேலை அது. முதலில் தட்டுகளை உடைக்கப் பார்த்தேன். அது பீங்கான் கோப்பை இல்லை, லேசில் உடையாது, வளைத்தால் நிமிரும். ஒன்று கையிலிருந்து தெறித்து என் தாடையில் அடித்தது.

"அதுக்கு நான் சிரிச்சிட்டன், பிள்ளை," என்றாள் தங்கச்சி, மகளைப் பார்த்து. "பயத்திலை சிரிப்பு வந்திட்டுது."

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் சுத்தியலை எடுத்தேன். தட்டுகளை நொறுக்கினேன். சில்லுகள் அறை முழுக்கப் பறந்தன. பிறகு பெல்ட்டைக் கழற்றினேன். அவள் பின்வாங்கிப் பின்வாங்கிப் போனாள். சில்லுகள் குத்தி உள்ளங்கால் இரண்டும் இரத்தம். நிலம் பூராக அவள் கால்தடம் சிவப்பாகக் கிடந்தது. முகத்தில் அடிபடாமல் இரண்டு கையாலும் மறைத்தாள். மறைக்காதே என்று ஒரு கையைப் பிடித்தேன்.

"பிடிச்சு?"

"முறுக்கினன்."

"சத்தம் கேட்டதோ?"

"கேட்டது."

"கேட்ட உடனை விட்டனீங்களோ?"

மகள் அப்போது, "அப்பா," என்றாள். போதும் என்று சொன்னாளா, எல்லாம் பொய் என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சினாளா, எனக்கு இன்றுவரை தெரியாது.

"இல்லை," என்றேன். "விடேல்லை."

தங்கச்சி தலையை ஆட்டினாள். "ஆஸ்பத்திரியிலை?"

"ஐஸிலை சறுக்கி விழுந்தவ எண்டு சொன்னனான்."

"எனக்கு இங்கிலீஸ் தெரியாதெண்டும் சொன்னனீங்கள். நான் பக்கத்திலை இருக்கேக்கை. அதுதான் எனக்குக் கையைவிட நொந்தது." அவளுடைய குரல் அங்கேதான் முதல் தடவை உடைந்தது. "அந்த ரெக்கோட் ஆர் தந்தது எண்டு ஒருக்காலெண்டாலும் கேட்டனீங்களோ? என்னோடை வேலை செய்த மனுசி தந்தது. தன்ரை கலியாணத்துக்கு முதல் சேர்த்தது எல்லாத்தையும், நான் பாட்டுக் கேக்கிறதைப் பாத்து ஆசையாத் தந்தது. பாரமா இருக்குதெண்டு தன்ரை மகனை பஸ் ஸ்ரொப் மட்டும் தூக்கிக்கொண்டு அனுப்பினது. பேந்து அந்த மனுசியின்ரை முகத்திலை முழிக்க வெக்கப்பட்டு நான் அந்த வேலைக்கே போகேல்லை."

முப்பது வருடமாக அந்தப் பெடியனை நான் அவளுடைய காதலன் என்றே நினைத்திருந்தேன். அப்படியே இருந்திருந்தாலும் நான் செய்தது சரியாகிவிடாது என்று விளங்குவதற்கு எனக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. சீ, என்ன பிறவி நான்.

கடைசிப் பாட்டும் முடிந்தது. அவள் எழும்பிப்போய் ஊசியைத் தூக்கினாள். தட்டைக் கவனமாக அட்டைக்குள் வைத்து மகளின் மடியில் வைத்தாள்.

"நீ வைச்சிரு. என்னட்டை இருக்கு. கலியாணத்துக்கு வாறன் பிள்ளை. உனக்காக வாறன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு கேவலமான ஆள். வந்த காரியம் முடிந்தது என்று மனம் துள்ளியது.

திரும்பி வரும்போதும் மகள்தான் ஓட்டினாள். ஏஜெக்ஸ் நகரத்தைத் தாண்டும்போது, "பாத்தியே, மாமி வாறன் எண்டிட்டா," என்றேன்.

"அம்மாவுக்கு?"

"அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கும் அடிச்சனீங்களோ?"

பக்கத்தில் ஒரு பெரிய ட்ரக் இரைந்துகொண்டு போனது. அது போய் முடியுமட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் மனைவியும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள், என் மானத்தைக் காப்பதற்கு.

"நீ பிறக்க முதல்," என்றேன். "பிறந்தாப் பிறகு இல்லை."

"எத்தினை தரம்?"

"தெரியாது."

அவள் கண்ணைத் துடைக்கவில்லை. வழியவிட்டுக்கொண்டு ஓட்டினாள். பிறகு, "தாரை வார்க்கேக்கை என்ரை கையை நீங்கள் பிடிச்சுக் குடுக்கேலாது," என்றாள். "மாமாவும் மாமியும் செய்யட்டும். அம்மா பக்கத்திலை நிப்பா."

கலியாணத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு நிமிடம்தான். மகளின் கையை என் கையால் எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்து, மனைவி தண்ணீர் வார்க்க, என் பிள்ளையை உன்னிடம் தருகிறேன் என்று கொடுப்பது. அதற்கென்று பட்டுவேட்டி வாங்கி, குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் கட்டிப் பார்த்துக்கூட இருந்தேன்.

"உனக்கென்ன விசரா?" கத்தினேன். டாஷ்போட்டில் ஓங்கிக் குத்தினேன். "பெத்த தகப்பன் உயிரோடை இருக்கிறன்! ஐயர் என்ன கேப்பார்? சனம் என்ன கேக்கும்? நான் ஆர் அங்கை, வந்த சனத்துக்குக் கதிரை எடுத்துப் போடுறவனோ?"

அவள் றோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"கத்துங்கோ," என்றாள். "அது என்ரை கை, அப்பா."

ஆவணியில் கலியாணம் நடந்தது. தங்கச்சி வந்தாள். அவளும் கணவருமாக மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார்கள். மனைவி பக்கத்தில் நின்றாள். நான் பட்டுவேட்டியோடு முதல் வரிசைக் கதிரையில் இருந்தேன். என்ன அண்ணை, நீங்கள் மணவறைக்குப் போகேல்லையோ என்று ஆட்கள் வந்து கேட்டார்கள். தங்கச்சியை அடித்துக் கையை முறித்தவன் நான், மனைவிக்கும் அடித்தவன், அதனால் மகள் தன் கையை என்னிடம் தரவில்லை என்று சொன்னேன். நாலு பேருக்கு அப்படிச் சொன்னேன். ஐந்தாவது ஆள் கேட்க வரவில்லை.