பேரய்யாவின் வலது காது

லைசென்ஸ் புதுப்பிக்க இன்னும் பத்தே நாள் இருக்கும்போது ஏஜெண்ட் வந்து தலையில் குண்டைத் தூக்கிப் போட்டான்.

"பழைய டாக்டர் ரிட்டயர்டு ஆயிட்டாருண்ணே. புதுசா ஒரு அம்மா வந்திருக்கு. ஆளைப் பாக்காம கையெழுத்துப் போடாதாம். காது கேக்கலைன்னு போன வாரம் ரெண்டு டிரைவரைத் திருப்பி அனுப்பிடுச்சு."

பேரய்யாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபத்தெட்டு வருடமாகக் குண்டூர் மிளகாயை நாக்பூருக்கும் இந்தூருக்கும் ஏற்றிப்போகிறவர். டாக்டர் சீட்டு என்பது, லாரிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் கட்டுகிற மாதிரி, வேறு யாரோ செய்து கொடுத்துவிடும் காரியம் என்றே இதுவரை இருந்துவிட்டார். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லாத பேரய்யாவை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? வீட்டில் ஒரு நாற்காலி அடைபடும், அவ்வளவுதான்.

சரி, தயாராகிவிடுவோம் என்று இறங்கினார். யார்டு வாசலில் நின்று தூரத்து லாரிகளின் நம்பரை உரக்கப் படித்தார். கண் பழுதில்லை. ரத்த அழுத்தம் ஏறக்கூடாதென்று ஊறுகாயை விட்டார். குண்டூர்க்காரன் மூன்று நாள் ஆவக்காய் தொடாமல் சோறு தின்பதென்றால் சாமானிய விரதமா அது!

காதுக்கு மனைவி ராகவம்மாவைப் பிடித்தார். அவள் அவருக்கு மாமன் மகள். கல்யாணமாகி முப்பது வருடமாகியும் அத்தான் முறை வைத்து 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். பின்னால் நின்று காய்கறிப் பெயராகக் கிசுகிசுக்க வேண்டியது, அவர் திருப்பிச் சொல்ல வேண்டியது. இடது பக்கம் கத்தரிக்காய், பீர்க்கங்காய் எல்லாம் சரியாக வந்தன.

"சரி, இப்ப வலது பக்கம் ஆரம்பி."

சற்று நேரம் போயிற்று.

"ஆரம்பி புள்ள. எவ்ளோ நேரம் உக்காந்திருக்கிறது?"

ராகவம்மா முன்னால் வந்து நின்றாள். "ஏழு காய் சொல்லி முடிச்சாச்சு பாவா."

பேரய்யா வலது காதைத் தேய்த்துப் பார்த்தார். "எத்தனை நாளா இப்படி?"

"ஆறு வருசம் இருக்கும்."

"அடிப்பாவி! சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. அந்தக் காதுலதான் சொன்னேன்."

அன்று மத்தியானம் விசேஷம் ஒன்றுமில்லாமலே ராகவம்மா பாயசம் வைத்தாள். கவலையில் இருக்கிற மனுஷனைத் தேற்றுகிறாள் என்று நினைத்து அவரும் இரண்டு டம்ளர் குடித்தார்.

குடித்த பிறகுதான் அவருக்கு வேறொரு யோசனை குடைந்தது. கேட்காத காதை வைத்துக்கொண்டு ஆறு வருடம் எப்படி வண்டி ஓட்டினோம்? பின்னால் எடுக்கும்போது கிளீனர் ஏசோபு லாரியின் உடம்பில் கையால் தட்டுவான். ரெண்டு தட்டு தட்டினால் வா, ஒரு தட்டு என்றால் நில். ஒரு நாளும் தப்பியதில்லையே!

யார்டுக்குப் போய் ஏசோபுவைப் பிடித்தார். அவன் பதினைந்து வருடக் கூட்டாளி. எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடி, இடது காதைக் கையால் அடைத்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தார். அவன் தட்டத் தட்ட, "வா, வா, நில்!" என்று ஒன்று விடாமல் சொன்னார்.

"அப்புறம் என்னண்ணே? பாம்புக் காதுல்ல உனக்கு!" என்ற ஏசோபு, ஏதோ தோன்றிப் பக்கத்து லாரியைத் தட்டினான். பேரய்யா அசையவில்லை. பலமாகத் தட்டினான். ஊஹூம்.

"அண்ணே, நீ காதுல கேக்கல. குண்டியில கேக்குற."

யார்டே சிரித்தது. மெக்கானிக் மஸ்தான் மட்டும் சிரிக்கவில்லை. எஞ்சினில் எங்கே சத்தம் என்று கண்டுபிடிக்க ஒரு முழ நீளத் திருப்புளி வைத்திருப்பான். நுனியை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதருகில் அழுத்திக் கேட்பான். அதை எடுத்து வந்து, பேரய்யாவை எஞ்சின் பக்கம் குனியவைத்து, நுனியை எஞ்சினில் ஊன்றிப் பிடியை அவர் வலது காதுக்குப் பின்னால், எலும்பில் அழுத்தினான்.

"என்ன கேக்குது?"

பேரய்யாவின் வாய் பிளந்தது. "வால்வு அடிக்குதுடா! மூணாவது சிலிண்டர்!"

"அப்ப உள்ள மெஷின் நல்லாத்தாண்ணே இருக்கு. வாசல்லதான் ஏதோ அடைப்பு. போய் அந்தம்மாகிட்டக் காட்டு."

வியாழக்கிழமை ராகவம்மாவும் கூடவே கிளம்பினாள். அன்று பிற்பகலே நாக்பூர் லோடு, மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா சின்ன வயதுக்காரி, சிரிப்பே இல்லை. கண் பார்த்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள். பிறகு வலது பக்கம் நின்று ஏதோ சொன்னாள். பேரய்யா விழித்தார்.

"பெரியவரே, உங்க ஊர் பேர் கேட்டேன்."

போச்சு, என்று நினைத்தார். அவள் கவைபோல இருந்த இரும்புக்கம்பி ஒன்றைத் தட்டி, ரீங்கரிக்க விட்டு, நெற்றியின் நடுவில் வைத்தாள்.

"எந்தப் பக்கம் நல்லா கேக்குது?"

"வலது பக்கம்மா. அது கேக்கும். எலும்புல வச்சாக் கேக்கும். திருப்புளி வச்சுப் பாத்தாச்சு."

"என்ன வச்சு?"

சொன்னார். அப்போதுதான் அவள் முதல்முறையாகச் சிரித்தாள். விளக்கை வைத்துக் காதுக்குள் பார்த்தாள்; நாலு சொட்டு மருந்து விட்டு, அரைமணி உட்கார வைத்து, இடுக்கியை உள்ளே விட்டாள். கறுப்பாக, இறுகிப்போய், விரல்நுனி அளவில் ஏதோ வெளியே வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

"பஞ்சு. எத்தனை வருசப் பஞ்சு இது?"

பேரய்யா மனைவியைப் பார்த்தார். மார்கழிக் குளிரில் லோடு கிளம்பும்போதெல்லாம், ஜன்னல் பக்கக் காதில் வாடை அடிக்கக் கூடாதென்று, பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெயில் பஞ்சை நனைத்து வலது காதில் அடைத்து அனுப்புகிறவள் அவள்தான். வழியில் அவர் பிடுங்கிப் போடுவார். பிடுங்கினது பாதி, உள்ளே தங்கினது பாதி. அதற்குமேல் அடுத்த வருடப் பஞ்சு. நல்லெண்ணத்தால் அடைத்த காதுக்கு யாரைத் திட்டுவது?

டாக்டரம்மா மறுபடி வலது பக்கம் நின்று, பிறந்த ஊர் எது என்று கிசுகிசுத்தாள். "நரசராவுபேட்டைம்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சீட்டில் கையெழுத்து விழுந்தது.

வெளியே வந்தால், அடேயப்பா, உலகம் இவ்வளவு இரைச்சலா! ஆட்டோ, காக்கை, சொந்தச் செருப்பு, சட்டைப்பையில் மடித்த சீட்டின் சரசரப்பு. பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே நடந்தார். ராகவம்மா வழக்கம்போல அவருக்கு வலப்புறம் வந்தாள். வழக்கம்போல முணுமுணுத்தாள்.

"கோட்டப்பகொண்டா சாமி, நூத்தியெட்டுத் தேங்கா வேண்டிக்கிட்டேனே. இந்த ஒரு தடவை பெயிலாக்கி இந்த மனுசனை வீட்ல உக்கார வச்சிருக்கக் கூடாதா? மாசத்துக்கு நாலு நாள் புருசன். எனக்குன்னு எப்பத்தான் இருப்பாரு?"

பேரய்யாவின் கால் நின்றுவிட்டது. அவளும் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கை தானாக வாயைப் பொத்தியது.

"ஆறு வருசமா இதைத்தான் சொல்லிட்டிருந்தியா?"

"கேக்காத காதுன்னு சொன்னது பாவா. மனசுல வச்சுக்காதே."

பையில் போன் அடித்தது. ஏசோபுதான், மூட்டை ஏறிவிட்டது, தார்ப்பாய் கட்டியாகிவிட்டது என்று சொல்லக் கூப்பிடுகிறான். பேரய்யா எடுக்கவில்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது.

வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தனக்கு வலது பக்கம் இருந்த தூசியைத் துண்டால் தட்டிவிட்டார்.

"உக்காரு. முதல்ல இருந்து சொல்லு."