ராயபுரம் கிங் கார் வாங்கப் போனது

பிராங்கிளினுக்கு நாற்பத்துநான்கு வயது. துறைமுகத்துக்குள் நுழையும் கன்டெய்னர் லாரிகளின் பதிவு எண்ணையும் பூட்டு முத்திரையையும் சரிபார்ப்பது அவன் வேலை. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளைப் பகல் முழுக்கப் பார்த்துச் சலித்தவன், ராயபுரத்தில் வீட்டுக்கு வந்து, குளித்து, டீ குடித்துவிட்டு, மறுபடியும் லாரி ஓட்ட உட்காருவான்.

இது கம்ப்யூட்டரில் ஓடும் லாரி. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு மேசை. மேசையில் இறுக்கிய பிளாஸ்டிக் ஸ்டீயரிங். காலடியில் இரண்டு பெடல். மூன்று வருடத்தில் அந்த விளையாட்டில் அவன் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தான். பனிமலை, பாலைவனம், பெயர் வாயில் நுழையாத ஊர்கள் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. நிஜத்தில் அவன் ஓட்டியது ஒரு பழைய ஸ்கூட்டர் மட்டும்தான். லைசென்ஸும் அதற்குத்தான்.

விளையாட்டில் அவன் பெயர் 'ராயபுரம் கிங்'. 'புயல்58' என்று ஒரு கூட்டாளி. இருவரும் சேர்ந்தேதான் சரக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். குரலில் பேசியதில்லை, எழுத்தில்தான் பேச்சு. "டேய் மாமு, ஓரமா போடா, நான் வர்றேன்" என்று இவன் தட்டுவான். "கண்ணைத் திறந்து ஓட்டும்" என்று பதில் வரும்.

இப்படிப்பட்டவனுக்கு நிஜமான கார் மேல் ஆசை வரக் காரணம் அவன் மனைவி பிலோமி. பயணம் என்றால் பிராங்கிளினுக்குச் சில விதிகள் உண்டு. முன்பதிவில்லாத பெட்டி, வீட்டிலிருந்து கட்டிய புளிசோறு, தங்குவதற்கு ஏதாவது ஒரு சர்ச் ஹால். ஊட்டிக்குப் போனபோது, தங்கிய ஹாலில் மறுநாள் காலை யாருக்கோ கல்யாணம். காலி செய்யச் சொன்னவர்களிடம் பேசிப் பேசி, கடைசியில் பிராங்கிளின் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தான். பிலோமி முன்பின் தெரியாத மணப்பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டாள். ஒரு வேளைச் சாப்பாடு மிச்சம் என்று அவன் சந்தோஷப்பட்டான். ஊர் திரும்பும் ரயிலில், கழிவறைக் கதவோரம் பையின் மேல் உட்கார்ந்தபடி பிலோமி சொன்னாள்:

"இத்தோட சரி. இனிமே உங்கூட எங்கனா வரணும்னா சொந்த வண்டில தான் வருவேன்."

அன்றிலிருந்து கார் வேட்டை தொடங்கியது. எம்.கே.பி. நகரில் பழைய கார் வாங்கி விற்கும் அத்தாவுல்லா பதினோரு வண்டிகளைக் காட்டினார். பிராங்கிளின் ஒவ்வொரு டயரையும் உதைத்தான், பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டான், குனிந்து அடியில் பார்த்தான். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரு" என்று சாவியை நீட்டினால் மட்டும், "சவுண்டு சரியில்ல பாய்" என்று நகர்ந்துவிடுவான்.

பன்னிரண்டாவது வண்டிக்கு முன்னால் அத்தாவுல்லா கும்பிட்டார். "அண்ணாத்த, நீ காரு வாங்க வர்ல, காரு பாக்க வர்ற. சும்மா பேஜாரு பண்ணாத."

அந்த வருத்தத்தை அன்று சாயங்காலமே புயல்58-இடம் கொட்டினான். பதில் உடனே வந்தது: "என் காரை விற்கப்போகிறேன். ஒரே ஆள் ஓட்டியது. விழுப்புரம் வாரும்."

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் அவனும் பிலோமியும் பாசஞ்சர் ரயில் ஏறினார்கள். இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் கூலிங் கிளாஸோடு ஸ்டேஷனுக்கு வருவான் என்று பிராங்கிளின் நினைத்திருந்தான். யாரும் வரவில்லை. அனுப்பிய விலாசம் ஒரு மொத்த மளிகைக்கடை. மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே, கல்லாவில், மூக்குக்கண்ணாடியும் சுங்குடிப் புடவையுமாக ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"புயல்னு ஒர்த்தரு... கேம் ஆடுவாரு..."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கதான் ராயபுரம் கிங்கா? வாங்க, வாங்க. நான்தான் புயலு. பேரு சீனியம்மாள், வயசு அம்பத்தெட்டு."

பிராங்கிளினுக்கு, மூன்று வருடமாகத் தான் தட்டிய 'டேய் மாமு'க்கள் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"சாத்தான்கொளத்துலருந்து இங்க வந்து முப்பது வருசமாச்சு. இதுவரைக்கும் ஒருத்தரும் என்னய 'டேய்'னு கூப்பிட்டதில்ல" என்றார் சீனியம்மாள். "எங்க வீட்டுக்காரர்ட்ட காட்டுனேன். சிரிச்சுச் சிரிச்சு அவருக்குப் பொறை ஏறிட்டு."

பிலோமியும் சிரித்தாள். பிராங்கிளின் மட்டும் மிளகாய் நெடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கார் கடைக்குப் பின்னால் குடோன் முற்றத்தில் நின்றது. வெள்ளை நிறம், எட்டு வயது, கீறல் இல்லை. "ஓட்டிப் பாருங்க" என்று சீனியம்மாள் சாவியைக் கையில் வைத்துவிட்டார். இந்த முறை நகர வழியில்லை. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டரை மனதில் நினைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். கீழே குனிந்து பார்த்தான்.

"இதுல மூணு பெடல் கீதே, அது இன்னாத்துக்கு?"

பிலோமி கண்ணை மூடிக்கொண்டாள்.

கார் ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடி கிளப்பியதும் இன்னொரு துள்ளு துள்ளி நேராகப் போய்க் காலிச் சாக்குக் குவியலுக்குள் முகம் புதைத்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, காருக்கும்தான். பிராங்கிளினின் வலது கை மட்டும், ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கும் பட்டனை டேஷ்போர்டு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தது.

சீனியம்மாள் ஒரு சாக்கை எடுத்து உதறினார். "தப்பா நெனைக்காதிய தம்பி. உங்களுக்கு இந்தக் காரைத் தரமாட்டேன்."

"அக்கா, பயம் தெளிஞ்சா..."

"போன மாசம் மட்டும் பதினோரு தடவ சுங்கச்சாவடிக் கம்பத்துல இடிச்சிருக்கிய. பின்னாலயே வந்தவ நான்."

"அது கேமுக்கா!"

"கேம்லயே இப்பிடின்னா?"

பிலோமி வந்து கதவைத் திறந்தாள். "யோவ், எறங்கு."

இறங்கினான். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், காரைச் சாக்கிலிருந்து பின்னால் எடுத்தாள், சரக்கு இறக்க நின்ற லாரிக்கும் சுவருக்கும் இடையே வளைத்துத் தெருவுக்குக் கொண்டுபோனாள். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து அதே இடத்தில் நிறுத்தினாள்.

"உனுக்கு எப்புடி வண்டி ஓட்டத் தெரியும்?" பிராங்கிளின் கேட்ட விதத்தில் கொஞ்சம் குற்றச்சாட்டும் இருந்தது.

"காசிமேட்டுல எங்கப்பாவோட மீனுக்கு ஐஸ் ஏத்துற வண்டிய யாரு ஓட்னது? கல்யாணத்தப்பவே சொன்னேன். போன மாசங்கூட எங்கண்ணன் சாலமன் வேன எண்ணூர் வரைக்கும் ஓட்டிக்கினு போய்ட்டு வந்தேன். உங்கிட்ட சொல்லிட்டுதான் போனேன். நீ கேம்ல இருந்த. 'சரி சரி'ன்ன."

சீனியம்மாள் பிலோமியைப் பார்த்து, "உங்களுக்குத் தாறேம்மா" என்றார். விலை இரண்டு டம்ளர் காப்பிக்குள் படிந்தது. வழிக்கு என்று ஒரு பை வேர்க்கடலையும் கொடுத்தார்.

திரும்பும் வழியில் பிராங்கிளின் இடதுபக்கம் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான். "அறுநூறு மீட்டர்ல லெப்ட்டு... ஸ்பீடு கம்மி பண்ணு... அந்த லாரிய ஓவர்டேக் பண்ணாத..."

"வாய மூடிக்கினு வேர்க்கல்லய உரி."

திண்டிவனம் வரைக்கும் கடலை உரித்தான். உரித்ததை அவள் கையில் கொடுத்தான். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் கியர் மாற்றும்போதெல்லாம் பிலோமி மெல்ல ஏதோ ஒரு மெட்டை முணுமுணுப்பதைக் கவனித்தான். பதினேழு வருடத்தில் அவள் இப்படி முணுமுணுத்து அவன் கேட்டதில்லை. செங்கல்பட்டு தாண்டியதும் அறிவுரை சொல்வதைத் தானாகவே நிறுத்திவிட்டான்.

பாரிமுனையில் ஓர் ஆட்டோக்காரர் குறுக்கே புகுந்து, "இன்னாம்மா, புதுசா?" என்று கத்தினார். பிலோமி கண்ணாடியை இறக்கினாள். "வண்டி பழசு, நானும் பழசு. சிக்னல் செவப்பா கீது, அத்த பாரு மொதல்ல!" ஆட்டோ பின்வாங்கியது. அந்தக் கணத்தில் பிராங்கிளினுக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது.

தெருவில் கார் நின்றதும் அக்கம்பக்கம் கூடிவிட்டது. "நீதான் ஓட்டிக்கினு வந்தியா?" என்று கேட்டார்கள். ஒரு வினாடி யோசித்தான். "அவதான்" என்றான்.

மறுவாரம் பிலோமி அவனை டோல்கேட் என்ற பக்கத்துப் பகுதியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டாள். முதல் வகுப்பு முடிந்து, சட்டை முதுகோடு ஒட்ட, அவன் வீட்டுக்கு வந்தான்.

"எதுவரைக்கும் போன?" என்று கேட்டாள்.

"செகண்ட் கியர் வரைக்கும்."