ஏழாவது செவ்வாயின் முட்டை

என் கணவர் டிபி வார்டில் படுத்திருந்த வருஷம், என் மாமியார் ஒன்பது செவ்வாய் விரதம் எடுத்தார். மகன் குணமாகி வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் வேண்டுதல். சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில் அப்போது அத்தையும் நானும் மட்டும்தான். பகலில் ஒருவேளை சோறு, இரவில் பலகாரம். பலகாரத்தில் அரிசியே சேரக் கூடாது என்பது அத்தையின் சட்டம். சப்பாத்தி மெல்லப் பல் கிடையாது. கோதுமைத் தோசை வாயில் ஒட்டுகிறது என்பார். ஊசி போட்டால் சரியாகிற நோய்க்கு இவர் ஏன் வயிற்றைக் காயப்போட வேண்டும் என்று எனக்கு எரிச்சல். நேரிலேயே கேட்டிருக்கிறேன்.

"ஊசியும் போடட்டும், நானும் இருக்கேன். உனக்கென்ன நட்டம்?" என்பார்.

பக்கத்து வீட்டு யுரேசியன் அம்மாள்தான் எனக்கு பான்கேக் சுடச் சொல்லிக்கொடுத்தார். அவர் மைதாவில் முட்டை அடித்துச் செய்வார். நான் தேக்கா சந்தையில் கோதுமை வாங்கி, மில்லில் அரைத்து, தவிட்டைச் சலிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டேன். முட்டைக்குப் பதில் கனிந்த வாழைப்பழம். பிறகு பால், கொஞ்சம் கூலா மலாக்கா என்கிற பனைவெல்லம், பேக்கிங் பவுடர். கலக்கிய மாவைப் பத்து நிமிஷம் விட்டால்தான் தவிடு ஊறி மெத்தென்று வரும். கல்லில் ஊற்றிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். முதல் நாள் பழக்கதோஷத்தில் கரண்டியால் தேய்த்துவிட்டேன், அப்பளம் மாதிரி ஆயிற்று.

ஆறு வாரம் இப்படிப் போனது. அதற்குள் அத்தை மகன் கவலையும் சேர்ந்து துரும்பாய் இளைத்துப்போனார், பான்கேக்கையும் பாதியில் வைத்தார். ஏழாவது செவ்வாய், பக்கத்து வீட்டு அம்மாளின் வாஃபிள் அச்சை இரவல் வாங்கிக் கழுவி வைத்தேன். கட்டம் கட்டமாக இருக்கும் கனத்த இரும்பு அச்சு. அடுப்பின் மேல் வைத்து இரண்டு பக்கமும் திருப்பிச் சுட வேண்டும். எப்படி என்று காட்ட அந்த அம்மாளும் வந்தார். மாவு கலக்கி முடித்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காய்ந்தது. ஓடிப்போய் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அந்த அம்மாள் மாவை அடித்துக்கொண்டிருந்தார்.

வாஃபிள் பொன்னிறமாக உப்பி, உள்ளே பஞ்சு போல வந்தது. அத்தை மூன்று சாப்பிட்டார். "இன்னிக்குத்தான் உனக்குக் கை வந்திருக்கு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் தாழ்வாரத்தில் அந்த அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். மாவு சரியாக வரவில்லை என்று, நான் துணி எடுக்கப் போன நேரத்தில் இரண்டு முட்டை உடைத்து ஊற்றியதாக மலாயில் சந்தோஷமாகச் சொன்னார். விரதம் என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. அவர்மேல் என்ன தப்பு?

சொன்னால் அத்தை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார், அந்த உடம்பு தாங்காது. சொல்லாவிட்டால்? ஒன்பதாவது வாரம் என் கணவருக்கு எக்ஸ்ரே எடுக்கப் போகிறார்கள். விரதமாவது மண்ணாவது என்று பேசிய நான், அந்த எக்ஸ்ரேயை நினைத்து நடுங்கினேன். கடைசியில், அடுத்த செவ்வாயிலிருந்து நானே ஒன்பது வாரம் இருப்பது என்று முடிவு செய்தேன். அத்தையின் விரதத்தில் விழுந்த ஓட்டையை என் விரதம் அடைத்துவிடும் என்று நினைப்பு.

"உனக்கு எப்போலேர்ந்து சாமி பக்தி?" என்று அத்தை கேட்டார். சும்மாதான் என்று மழுப்பினேன்.

எக்ஸ்ரே நன்றாக வந்தது. அத்தை கோயிலில் தேங்காய் உடைத்தார். மூன்று வாரம் கழித்து என் கணவர் வீட்டுக்கு வந்தார். எனக்கு இன்னும் நாலு செவ்வாய் பாக்கி.

"நான்தான் வந்துட்டேனே, இன்னும் யாருக்காக இருக்கே?" என்றார்.

"அத்தைக்காக" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அத்தை அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். தன் உடம்பு தேற மருமகள் விரதம் இருக்கிறாள் என்று தாழ்வாரம் முழுக்கச் சொன்னார். மார்க்கெட்டில் காய் விற்பவரிடம்கூடச் சொன்னார். கேட்கக் கேட்க எனக்குக் கூசியது.

என் ஒன்பதாவது செவ்வாய் அத்தை என்னை அடுப்படிக்குள் விடவில்லை. தானே சுட்டுப் போடுவதாகச் சொல்லி, வாஃபிள் அச்சை வாங்கிவந்து தேங்காய் நாரால் தேய்த்தார். கழுவி முகர்ந்து பார்த்தார். மறுபடி தேய்த்தார்.

"அந்தம்மா முட்டை ஊத்துற அச்சு. உன் விரதத்துல அந்த வாடை பட்டுடக் கூடாது பாரு."

மூன்றாவது தடவையும் அவர் நாரை எடுத்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏழாவது செவ்வாய், மழை, இரண்டு முட்டை, நான் மறைத்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அத்தையின் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு அச்சைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினார்.

"உன்னோடதாவது சுத்தமா முடியட்டும்" என்றார்.

முட்டை இல்லாத வாஃபிள் தட்டையாகத்தான் வந்தது. அழுதுகொண்டே தின்றேன்.