அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்

மானாம்பதியில், பஸ் போகும் சாலையைப் பார்த்தபடி இருந்த எங்கள் வீட்டு முன்சுவரில், அப்பா நீலப் பெயிண்டால் ‘இந்த வீடு விற்ப்பனைக்கு’ என்று எழுதி, கீழே தன் செல் நம்பரையும் போட்டார். அப்போது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். வீடு கைவிட்டுப் போவதைவிட அந்த அதிகப்படியான ‘ப்’தான் எனக்குப் பெரிய கவலை. என் வகுப்புப் பெண்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போவார்கள்.

விற்க வேண்டும் என்றவள் அம்மாதான். அப்பாவுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. ராத்திரி ஷிப்ட் முடித்து பைக்கில் வந்துகொண்டிருந்தவர், ஒரு விடியற்காலை கண்ணயர்ந்து வண்டியோடு நெல்வயலில் இறங்கிவிட்டார். நடவுக்கு உழுது வைத்த சேறு என்பதால் சிராய்ப்போடு தப்பினார். தலைமுதல் கால்வரை சேறாக வந்து நின்றவரைப் பார்த்து நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கம்பெனிக்குக் கிட்டத்தில், வாலாஜாபாத் பக்கம் குடிபோய்விடலாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

வந்து பார்த்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்து, குறை சொல்லி, போனார்கள். கடைசியில் ஒரு லாரி டிரைவரும் அவர் மனைவியும் இடுப்புக் குழந்தையோடு வந்தார்கள். அந்த அக்கா சமையலறை ஜன்னலைத் திறந்து மூடி, மறுபடியும் திறந்து பார்த்தாள். விலை படிந்தது. ஆனால் பேங்க் லோன் வந்தால்தான் அட்வான்ஸ் தர முடியும் என்றார்கள். அப்பா சரி என்றார். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் சுண்ணாம்பு வாளியோடு வெளியே வந்துவிட்டார்.

“இன்னாத்துக்கு இப்பவே அழிக்கிறீங்கோ? அட்வான்ஸ் கைக்கு வந்துச்சா?” என்றாள் அம்மா.

“பேச்சு குடுத்துட்டோம். அப்பறமும் எய்தி வெச்சிக்கினு இருந்தா நல்லாவா கீது?”

“லோன் கெடைக்கலன்னா? மறுபடியும் மொதல்லேர்ந்து ஆள் தேடணும். அதுவரைக்கும் நீங்கோ தூங்கிக்கினே வண்டி ஓட்டுவீங்கோ.”

அப்பா வாளியை உள்ளே கொண்டுபோய் வைத்தார். நான் அப்பா கட்சிதான். ‘ப்’பை முன்னிட்டு. என்னை யாரும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த அக்கா குழந்தையோடு மட்டும் வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

“வேற யார்னா கேட்டுக்கினு வந்தாங்களாக்கா?”

“இல்லம்மா. செவுத்துல எய்தினது சும்மா கீது.”

“பஸ்ல போறப்பல்லாம் எட்டிப் பாக்கறேன். எய்த்து அப்பிடியே கீது. வேற யாருக்குனா குடுத்துருவீங்களோன்னு தோணுது.”

அம்மா உள்ளே போய்விட்டு வந்தாள். குழந்தைக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த வாரமே ஒரு புரோக்கர், காரில் ஒருவரைக் கூட்டிவந்தார். சாயங்காலம் என்பதால் அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். வந்தவர் வீட்டுக்குள் கால் வைக்கவே இல்லை. வெளியே நின்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார். இடித்துவிட்டு வரிசையாகக் கடை கட்டலாம் என்றார். விலையும் கூட; அட்வான்ஸும் கையோடு. எனக்குப் புது சைக்கிள் கண்ணில் தெரிந்தது.

அம்மா சாலையில் போன பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு, “வூடு முடிஞ்சி போச்சிங்க” என்றாள்.

“அப்போ செவுத்துல எய்தி வெச்சிக்கினு எங்களப் பேஜார் பண்றீங்களே?” என்று புரோக்கர் கோபித்துக்கொண்டார்.

கார் போனதும் அம்மா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு சுண்ணாம்பைக் கரைத்தாள். ஒரு பூச்சுக்கு அந்த நீலம் மறையவில்லை. ‘ப்’ கடைசிவரை எட்டிப் பார்த்தது. விடியற்காலை அப்பா வந்து வெள்ளைச் சுவரைப் பார்த்தார்.

“அட்வான்ஸ் வந்துச்சா?”

“வரல.”

அவர் சுண்ணாம்பு வாளியை எடுத்துப்போய்க் கழுவி வைத்தார்.

லோன் இழுத்தது. மழைக்காலம் முழுக்க இழுத்தது. லாரி டிரைவர் இரண்டொரு தரம் வந்து, தலையைக் குனிந்துகொண்டு இன்னும் கொஞ்ச நாள் கேட்டுப் போனார். ஒவ்வொரு விடியலிலும் பைக் சத்தம் கேட்கும்வரை அம்மா அடுப்பு பற்றவைக்காமல் வாசலில் நின்றாள். ஒருநாள் நனைந்துகொண்டு வந்த அப்பா, “மறுபடியும் எய்தட்டுமா?” என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டாரா, தெரியவில்லை. அம்மா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள்.

பொங்கல் கழித்துத்தான் லோன் வந்தது. உத்திரமேரூரில் பத்திரம் பதிந்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது, இத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“அந்தக் கார்க்காரர்தானே நெறைய குடுக்கறேன்னாரு? அவருக்கே குடுத்திருந்தா அப்பவே போயிருக்கலாம் இல்ல?”

“அவரு எடத்த வாங்க வந்தாரு. இவங்க வூட்ட வாங்க வந்தாங்க” என்றாள் அம்மா.

இடத்தின் மேல்தானே வீடு இருக்கிறது, இதில் என்ன வித்தியாசம் என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குக் கணக்கு வராது என்று முடிவு செய்துகொண்டு, நானும் வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன்.