இடப்பக்கத்துக் கை

என் அம்மாவுக்குக் கோவளத்தில் ஓர் ஆயுர்வேத நிலையத்தில் உழிச்சில் வேலை. எண்ணெய் தேய்த்து உடம்பைப் பிடித்துவிடுவதற்கு மலையாளத்தில் அப்படிப் பெயர். படுத்திருப்பவரின் வலப்பக்கம் அம்மா நிற்பாள். இடப்பக்கம் அவளுடைய கூட்டாளியான மலையாளச் சேச்சி. நான்கு கைகளும் ஒன்றாகத் தோளில் தொடங்கி ஒன்றாக இடுப்புக்கு இறங்க வேண்டும். இருவருக்கும் பேச்சே தேவைப்படாது. அப்பாவிடமோ அம்மா எதையும் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு மழைக்காலத்தில் சேச்சி எலிக்காய்ச்சலில் இறந்துபோனாள். அதன் பிறகு அம்மா வேலைக்குப் போகவில்லை. வேறொரு பெண்ணை ஜோடி சேர்ப்பதாக நிலையத்தில் சொன்னார்கள். "கை சேராது" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் நாகர்கோவிலிலிருந்து பெரியம்மா வந்தாள். படுக்கையில் கிடந்த பெரியப்பாவைத் தூக்கித் தூக்கி அவள் முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் தங்கைக்கு முதுகைக் காட்டக் கூச்சப்பட்டாள். அம்மா வற்புறுத்தவில்லை. அறையில் பாயை விரித்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, உடுத்திக்கொள்ள ஒரு வெள்ளை முண்டு வேட்டியைக் கையில் கொடுத்து வெளியே வந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பெரியம்மாவே உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, தொடட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா அந்த வேட்டியை இடுப்புவரை மடித்தாள். எண்ணெயை முதுகில் நேரே ஊற்றாமல் தன் உள்ளங்கையில் சூடு பார்த்துத் தேய்த்தாள். நடு எலும்பைத் தொடாமல் அதன் ஓரமாகவே விரல்கள் இறங்கின. பழக்கத்தால் அவள் வலப்பக்கம் உட்கார்ந்து அந்தப் பாதியை மட்டுமே தேய்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

நான் சூடு பண்ணிய எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசற்படியில் நின்றேன். பெரியம்மா குப்புறப் படுத்தபடி, தூக்கக் கலக்கத்தில் சொன்னாள்:

"இடப்பக்கம் இருக்க பிள்ளயக் கொஞ்சம் பைய பிடிக்கச் சொல்லு."

அம்மாவின் இரண்டு கைகளும் வலது தோளில் இருந்தன. இடப்பக்கம் வெறும் தரை. அம்மாவின் கைகள் நிற்கவில்லை. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அதையே மெதுவாக மலையாளத்தில், "சேச்சி, பதுக்கெ" என்றாள்.

"ஆங், இப்ப சரி" என்றாள் பெரியம்மா.

கிண்ணத்தைக் கீழே வைக்கவும் எனக்குக் கை வரவில்லை. அம்மாவின் கைகள் இடுப்புக்கு இறங்கி, எதற்கோ காத்திருந்ததுபோல ஒரு கணம் நின்று, மறுபடி தோளுக்கு ஏறின.

தேய்த்து முடித்து எழுந்ததும் பெரியம்மா நிமிர்ந்து நடந்தாள். "எங்க அவ? காப்பி குடுத்தியா?" என்று கேட்டாள்.

"போயிட்டாங்கக்கா" என்றாள் அம்மா. பிறகு அடுக்களைக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவள் பயந்துபோய் அழுகிறாள் என்றே நினைத்தேன். அவளைக் காப்பாற்ற வேண்டியது நான்தான் என்று தோன்றியது. ஓடிப்போய், சேச்சி திரும்பி வந்துவிடாதபடி வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். சத்தம் கேட்டு அம்மா வந்தாள். என்னைத் திட்டவில்லை. தாழ்ப்பாளை நீக்கி, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். சாரல் உள்ளே அடித்து அவள் புடவை நனைந்தது. அப்போதும் அவள் ஏன் கதவைச் சாத்தவில்லை என்று எனக்குப் புரியவில்லை.