தாடையில் பஞ்சு, ஃபிளாஸ்க்கில் காளான் டீ

ஆம்பூரில் ரயிலேறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர், என் தோல் பையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். ஷூ கம்பெனியில், தோலில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்துத் துடைக்கிற வேலையாம். லீவு நாளிலும் கை சும்மா இருக்காது போல.

"உள்ள பூத்துருக்கு சார். மேல தொடச்சா போவாது," என்றார்.

கண்ணுக்குக் கீழே கருவளையம். சவரம் செய்த தாடையில் ஒட்டியிருந்த பஞ்சில் ரத்தம் இன்னும் ஈரமாக இருந்தது. ஃபிளாஸ்க்கைத் திறந்து, கறுப்பாக எதையோ ஊற்றி முகம் சுளித்துக் குடித்தார்.

"காளான் டீ. தோஸ்த் ஒருத்தன் குடுத்தான். நாளெல்லாம் பூஞ்சைய தொடைக்கிறேன், ஊட்டுக்குப் போனா அதே ஜாதியைத்தான் குடிக்கிறேன். ஆனா அசதி கம்மியாவுது சார்."

வேலூரில் ஹார்ட் டாக்டரைப் பார்க்கப் போகிறாராம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்.

எனக்கு எரிச்சல் வந்தது. "அந்த மாத்திரையோட இதுவும் சேர்ந்தா ரத்தம் லேசுல நிக்காதுன்றாங்களே. டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா நிறுத்தச் சொல்லுவாரு. அப்புறம் இன்னாத்த குடிச்சிட்டு ஷிஃப்டுக்குப் போறது?"

காட்பாடி வந்தது. வாயை நன்றாகக் கொப்பளித்தார். பஞ்சைப் பிய்த்துப் போட்டுவிட்டு, கைக்குட்டையால் தாடையைத் துடைத்து என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"தெரியுதா சார்?"

அதற்குள் புதிதாக ஒரு துளி அரும்பியிருந்தது.

"தெரியுது," என்றேன்.

மறுபடி அழுத்தித் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனார்.