லூர்துமேரியின் அச்சறைச் சன்னல்

சேர்வராயன் மலையில் வாழும் என் மக்களே, லூர்துமேரி இறந்துவிட்டார். அவர் வேலை செய்த அறையின் சன்னலைப் பலகை அடித்து மூடியிருக்கிறார்கள். அந்தப் பலகை இந்த நிமிடம் வரை அங்கேயே இருக்கிறது.

நேற்று மாலை வேலைக்கு நடுவே தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்தாராம். சேலத்துக்குக் கொண்டுபோகும் வழியில், மலைப்பாதை முடிவதற்குள் உயிர் போய்விட்டது.

மாரடைப்பு என்கிறார்கள். நான் மருத்துவன் அல்லன், மறுக்கவில்லை... ஆனால் அந்த அறைக்குள் நான் நின்றிருக்கிறேன்.

வெளியூர் நண்பர்களுக்கு அவரைத் தெரியாது. ஏற்காட்டுக் கடையில் மிளகோ காப்பித்தூளோ வாங்கியிருந்தால் உங்கள் வீட்டில் ஒரு துணிப்பை கிடக்கும். அதில் பச்சை மையில் மலையும் ஏரியும் இருந்தால், அது பெரும்பாலும் லூர்துமேரி இழுத்த அச்சு.

எங்கள் தமிழ் மன்றக் கூட்டத்துக்குப் பை அச்சிடத்தான் அவரிடம் முதலில் போனேன். துண்டறிக்கை என்றால் எனக்கு வழி தெரியும். ஆயிரம் படி வேண்டுமென்றால் ஆஃப்செட். தகடு செய்யும் செலவு அந்த ஆயிரத்தில் கரைந்துவிடும். இருபது போதுமென்றால் டிஜிட்டல். நின்ற நிலையில் கைக்கு வரும், ஆனால் எத்தனை போட்டாலும் ஒரு படியின் விலை இறங்காது.

துணிக்கு எது ஏற்றது என்று கேட்டேன்.

“ஆஃப்செட்டுல தச்ச பை ஓடாதுங்கண்ணா. சூடு வச்சு ஒட்டற படம் பளபளன்னு நல்லாத்தான் இருக்கும், நாலு தடவ தொவச்சா உரிஞ்சுக்கும். ஸ்கிரீன் பிரிண்டிங் போட்டா துணி கிழிஞ்சாலும் படம் நிக்குமுங்க.”

“திரை அச்சு என்று சொல்லம்மா” என்றேன்.

“சொல்றனுங்க. ஆனா நீங்க தின்னருக்கு எத்தன நல்ல பேரு வச்சாலும் அது நாறத்தானுங்க செய்யும்.”

உடன் வேலை செய்யும் செல்வி, வலை கட்டிய அச்சுச் சட்டத்தைப் பிடித்தபடியே சிரித்தார். மையை இளக்கவும் வலையைத் துடைக்கவும் அந்தத் தின்னர்தான். டப்பாவின் மூடியைத் திறந்தாலே கண் எரியும்.

ஒரு மழைக்காலத்தில் நான் அச்சக முதலாளியிடம் சண்டைக்கே போனேன். தண்ணீரில் கரையும் மை கடையில் கிடைக்கிறதே, அதில் இந்த வாடை இல்லையே, ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன்.

என்னை மறித்தவர் லூர்துமேரிதான்.

“அது சேலத்து வெயிலுக்குச் சரிங்கண்ணா. இங்க மூட்டம் எறங்குனா காலைல போட்டது சாயங்காலமும் கையில ஒட்டுது. ஒன்னுமேல ஒன்னு அடுக்கினா முன்னாடி ஒரு மலை, பின்னாடி ஒரு மலை. ஒரு பைக்கு ரெண்டு ஏற்காடு என்னத்துக்குங்க?”

அவர் சொன்னது சரி. வாடை இல்லாத மை மூட்டத்தில் காயாது, விரைந்து காயும் மைக்கோ வாடை உண்டு. விரைந்து காய்வதை அவரே தேர்ந்தார், ஏனென்றால் அன்று சன்னல் திறந்திருந்தது.

பிறகு பக்கத்து மனையில் தங்கும் விடுதி எழுந்தது.

அதன் மேலாளர் அச்சகத்துக்கு வந்த நாளில் நானும் அங்கிருந்தேன். “கெஸ்ட்டுங்க பால்கனில உக்கார முடியலீங்கறாங்க. கொஞ்சம் பாத்துக்கங்க” என்று பணிவாகத்தான் சொன்னார். அடுத்த முறை நான் போனபோது சன்னல் இருந்த இடத்தில் பலகை இருந்தது.

“வந்துட்டுப் போறவங்களுக்கு ஆவாதாமா. எங்களுக்குப் பழகிருச்சாமா” என்றார் லூர்துமேரி. அன்று அவர் சிரிக்கவில்லை. நொம்பத் தலை வலிக்கிறது என்று வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

முதலாளி கொடியவர் அல்லர். நேற்று சேலத்துச் சாலையில் வண்டியை ஓட்டியவர் அவர்தான். இன்று கல்லறைத் தோட்டத்தில் அழுதவரும் அவர்தான்.

ஆனால் மண் போட்டுத் திரும்பும்போது அவர் செல்வியிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். “நாளைக்கு வந்துரு கண்ணு. சீசன் ஆர்டர் நிக்குது.”

செல்வி தலையை ஆட்டினார். முதலாளி போனபின் என்னிடம் வந்தார்.

“அண்ணா, நேத்து எனக்குந்தான் தலை சுத்துச்சுங்க. சொன்னா வேலைக்கு வேண்டாம்னுருவாங்கன்னு சொல்லலீங்க. நாளைக்கு நான் போறதுங்களா, வேண்டாமுங்களா?”

மேடைதோறும் முழங்குகிறவன் நான். போகாதே என்றால் அவர் வீட்டு அடுப்புக்கு நானா பொறுப்பு? போ என்றால்...

இனி உங்களிடம்தான் பேச வேண்டும்.

அச்சக முதலாளி அவர்களே, இன்றே அந்தப் பலகையைக் கழற்றுங்கள். காற்றை வெளியே தள்ளும் விசிறி பொருத்தும் வரை தின்னர் டப்பாவைத் திறக்க விடாதீர்கள்.

விடுதி மேலாளரே, விருந்தினருக்கு வாடை பிடிக்காவிட்டால் உங்கள் பால்கனிக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

பைக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்கும் கடைக்காரர்களே, இதைப் படித்து முடித்ததும் முதலாளியைத் தொலைபேசியில் அழையுங்கள். பை மெதுவாக வரட்டும் என்று சொல்லுங்கள்.

லூர்துமேரி, போய் வா தாயே.

ஏற்காட்டில் இருப்பவர்களே, இரங்கல் சொல்லை இந்தப் பதிவின் கீழே எழுதிவிட்டு நகராதீர்கள். நாளைக் காலை வெள்ளக்கடை ஊரிலிருந்து பேருந்து வருவதற்கு முன், பலகையைக் கழற்றச் சொல்லி அச்சக வாசலில் வந்து நில்லுங்கள். செல்வி அந்தப் பேருந்தில் வருகிறார்.